ஸுக்ஸ்வாங்: "பாஸ்" சொல்ல முடிந்தால் செஸ்ஸில் என்ன மிஞ்சும்?

ஆறாம்வரிசை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சனிக்கிழமை வகுப்பில் எண்ட்கேம் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்) சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "என் காய் எல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கு. அப்புறம் ஏன் சார் நகர்த்தியே ஆகணும்? இந்தத் தடவை வேண்டாம்னு விட்டா என்ன தப்பு?"

அப்போது பலகையில் இருந்த நிலை இது. வெள்ளை: ராஜா எஃப்5, சிப்பாய் இ4. கறுப்பு: ராஜா டி4, சிப்பாய் இ5. இரண்டு சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு ராஜாவும் தன் சிப்பாயைக் காத்துக்கொண்டே எதிரியின் சிப்பாயையும் குறிவைக்கிறது. யார் முறையோ அவருக்குத் தோல்வி. நகர்த்தும் கட்டாயமே கேடாகும் இப்படிப்பட்ட நிலைக்குத்தான் ஸுக்ஸ்வாங் என்று பெயர். வெள்ளையின் முறை என்றால் ராஜா எஃப்5-ஐ விட்டு விலகியே ஆகவேண்டும். விலகினால் இ4 சிப்பாய் போகும், ஆட்டமும் போகும். கறுப்பின் முறை என்றால் அதே கதி கறுப்புக்கு. இருவரும் சும்மா இருக்க முடிந்தால் இது டிரா.

பையனிடம் "விதி அப்படி" என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த விதி இல்லாவிட்டால் ஆட்டம் எப்படி மாறும் என்று காட்ட விரும்புகிறேன். உங்களுக்குத் தெரிந்த நிலைகளையும் ஆட்டங்களையும் சொல்லுங்கள்.

கோச்_அக்கா எழுதியது:

தம்பி, அந்தப் பையனை யானை வைத்து மேட் செய்யச் சொல்லுங்கள். அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

வெள்ளை: ராஜா பி6, யானை சி1. கறுப்பு: தனி ராஜா பி8. கறுப்பின் முறை. சி7, சி8 இரண்டையும் யானை பார்க்கிறது. ஏ7, பி7 இரண்டும் வெள்ளை ராஜாவின் பிடியில். மிச்சம் ஏ8 மட்டும்தான். அங்கே போனால் யானை சி8, மேட்.

இப்போது கறுப்புக்கு "பாஸ்", அதாவது நகர்த்தாமல் முறையை விட்டுவிடும் உரிமை, கொடுத்துப் பாருங்கள். ராஜா பி8-இலேயே நிற்கும். வெள்ளை என்ன செய்யும்? யானையை எச்1-க்குக் கொண்டுபோய் எச்8 மேட் என்று மிரட்டினால், கறுப்பு அப்போது மட்டும் எழுந்து சி8 வரும். யானை எச்8 செக், ராஜா டி7, வெளியே போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து துரத்த வேண்டும். ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொடுக்கிறோம். அந்த வெற்றியே எதிராளியை நகரச்சொல்லிக் கட்டாயப்படுத்துவதால்தான் கிடைக்கிறது.

நம் பிள்ளைகள் ஸுக்ஸ்வாங்கை ஏதோ பெரிய ஆட்டக்காரர்களின் வித்தை என்று நினைக்கிறார்கள். ஒரு சிப்பாயை ராணியாக்கும் ஆட்டத்திலேயே அது இருக்கிறது. வெள்ளை: ராஜா டி6, சிப்பாய் இ7. கறுப்பு: ராஜா இ8. கறுப்பின் முறை என்றால் எஃப்7 போவதைத் தவிர வழியில்லை. வெள்ளை ராஜா டி7 வந்ததும் ராணி உறுதி. வெள்ளையின் முறை என்றால் ராஜா இ6 வந்து ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே கறுப்புக்கு நகர வழியற்றுப்போய் டிரா), அல்லது சிப்பாயை இழந்து டிரா. காய்கள் அதே இடத்தில்தான். முறை யாருடையது என்பதில் அரைப் புள்ளி மாறிவிடுகிறது.

மதுரை64 எழுதியது:

அக்கா சொன்னதோடு இன்னொன்று. இரண்டு குதிரைகளை வைத்துத் தனி ராஜாவைக் கட்டாயமாக மேட் செய்ய முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோற்கிற பக்கத்திடம் ஒரு சிப்பாய் மிச்சம் இருந்தால் பல நிலைகளில் முடியும்! தனி ராஜாவை மூலையில் அடைத்தால் கடைசிக் குதிரையைக் கொண்டுவருவதற்குள் ஸ்டேல்மேட் ஆகிவிடுகிறது. சிப்பாய் இருந்தால் அதற்கு நகர ஒரு காய் இருக்கிறது, அதனால் ஸ்டேல்மேட் இல்லை, மேட் விழுகிறது. ஒரு குதிரை அந்தச் சிப்பாயைத் தடுத்து நிறுத்திவைத்திருந்து, சரியான நேரத்தில் விட்டுவிட்டு ஓடி வரவேண்டும். சிப்பாய் எந்தக் கட்டம்வரை வந்திருந்தால் இது வேலைக்காகும் என்று எண்ட்கேம் ஆய்வாளர் ட்ராய்ட்ஸ்கி கணக்குப்போட்டு வைத்துவிட்டுப் போனார். கையில் கூடுதலாக ஒரு காய் இருப்பதாலேயே ஒருவர் தோற்கிறார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

குதிரைவால் எழுதியது:

ஒரு சந்தேகம். நகர்த்தியே ஆகவேண்டும் என்று இவ்வளவு கறாராகச் சொல்லும் ஆட்டம், நகர்த்த ஒன்றுமே இல்லாதவருக்கு மட்டும் ஏன் அரைப் புள்ளி கொடுக்கிறது? ஸ்டேல்மேட் ஆனவர் தோற்றதாகத்தானே இருக்கவேண்டும்?

கோச்_அக்கா எழுதியது:

செஸ்ஸுக்கு முன்னோடியான பழைய ஷத்ரஞ்சில் அப்படித்தான் இருந்தது, ஸ்டேல்மேட் ஆனவருக்குத் தோல்வி. சீன சதுரங்கத்தில் இன்றும் அப்படித்தான். 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ நேரெதிர்: ஸ்டேல்மேட் செய்தவர்தான் தோற்றார். டிரா என்று நிலைபெற்றது பிற்பாடுதான். எனக்கு இப்போதுள்ள விதியே பிடிக்கும். அது இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன இ7 சிப்பாய் நிலையில் யார் முறை என்ற கேள்விக்கே வேலை இருக்காது. ஒரு சிப்பாய் கூட இருந்தால் பெரும்பாலும் வெற்றி என்றாகி, எண்ட்கேமில் பாதி நுணுக்கம் காணாமல் போகும்.

நடுவாட்டம் எழுதியது:

எண்ட்கேம் மட்டும்தானா? 1923 கோபன்ஹேகனில் ஸேமிஷுக்கு எதிராக நிம்சோவிச் ஆடியதை யாரும் சொல்லவில்லையே. பலகை நிறையக் காய்கள். கறுப்பு 25ஆவது நகர்த்தலாக எச்6 என்று ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். ஸேமிஷ் ரிசைன், தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார்.

கடைசி நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை: ராஜா எச்1, ராணி இ3, யானைகள் இ1, ஜி1, பிஷப்கள் டி2, ஜி2, குதிரை பி1, சிப்பாய்கள் ஏ2, பி2, டி4, ஜி3, எச்3. கறுப்பின் யானைகள் எஃப்2-இலும் எஃப்5-இலும், பிஷப்கள் டி3-இலும் டி6-இலும். இ1 யானை சி1-க்கோ டி1-க்கோ போனால் எஃப்2 யானை இ2 வந்து ராணியைப் பிடித்துவிடும். டி2 பிஷப் சி1 போனால் பி1 குதிரைக்குக் காவல் போய்விடும். ராஜா எச்2 வந்தால் ஜி2 பிஷப் கட்டுப்பட்டுவிடும், உடனே எஃப்5 யானை எஃப்3 வந்து ராணிக்குக் கதவடைக்கும். ஜி4 தள்ளினால் யானை எஃப்3, பிஷப் அதை வெட்டினால் மற்ற யானை எச்2 மேட். ஜி3 சிப்பாய் விலகியதால் டி6 பிஷப்பின் பாதை அங்கே திறந்திருக்கும்.

ராணி, இரண்டு யானை, இரண்டு பிஷப், ஒரு குதிரை எல்லாம் கையில் இருந்தும் தொட முடிந்த காய் ஒன்றுகூட இல்லை. ஸுக்ஸ்வாங்குக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

மதுரை64 எழுதியது:

அருமையான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதை ஸுக்ஸ்வாங் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் குழப்பம்தான் வரும். சோதனை எளிது: வெள்ளைக்கு ஒரு "பாஸ்" கொடுங்கள். பிழைக்கிறாரா? இல்லை. எஃப்5 யானை எஃப்3 வரும், ஜி2 பிஷப் அதை வெட்டும், மற்ற யானை அந்த பிஷப்பை வெட்டும், ராணிக்குப் போக இடமில்லை. இரண்டு யானைகளைக் கொடுத்து ராணியையும் பிஷப்பையும் கறுப்பு வாங்கிக்கொள்ளும். சும்மா இருந்தாலும் தோல்வி என்றால், நகர்த்தும் கட்டாயத்தால்தான் தோற்றார் என்று எப்படிச் சொல்வது? தவிர வெள்ளைக்கு ஏ3, எச்4 போலச் சில சிப்பாய் நகர்த்தல்களும் மிச்சம் இருந்தன. அவை தீரும்வரை அவகாசம் உண்டு. செஸ் எழுத்தாளர் ஹைடன்ஃபெல்ட்கூட இதே காரணத்தைச் சொல்லித்தான் அந்தப் பெயர் பொருந்தாது என்றார்.

நடுவாட்டம் எழுதியது:

உங்கள் சோதனை கணக்குக்குச் சரி. ஆனால் பலகையில் உட்கார்ந்திருப்பவரின் பார்வையில் யோசியுங்கள். ஸேமிஷ் எதிரில் பார்த்தது என்ன? எதைத் தொட்டாலும் உடைகிறது. யானையை எஃப்3-இல் கொடுத்து வெல்லும் வழி நிம்சோவிச்சுக்கு இருந்தது, சரி. அவர் அதைக்கூட ஆடாமல் ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். ஆட்டம் முடிந்ததே அந்தக் காத்திருப்பில்தானே? பெயரை இவ்வளவு இறுக்கமாக வைத்துக்கொண்டால் நடு ஆட்டத்தில் ஒன்றுமே தேறாது.

மதுரை64 எழுதியது:

தேறும். ஏழு வருடம் கழித்து, 1930 சான் ரெமோ. இந்த முறை அலெகின் வெள்ளை, மாட்டிக்கொண்டவர் அதே நிம்சோவிச். சி வரிசையில் முன்னால் இரண்டு யானைகள், அவற்றின் பின்னால் சி1-இல் ராணி. "அலெகின் பீரங்கி" என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். சி6-இல் இருக்கும் கறுப்புக் குதிரையை அலெகின் ஏ4 பிஷப்பாலும் அழுத்துகிறார். அடுத்து பி5 தள்ளினால் குதிரை காலி. அதைத் தடுக்க நிம்சோவிச் ஒரு சிப்பாயைத் தானாகவே கொடுத்து, அந்த இடைவெளியில் தன் ராஜாவை டி8-க்கு ஓட்டிவந்து சி7-க்குக் காவல் சேர்த்தார். சரியாகப் பொருந்திவிட்டது. இப்போது பி5 தள்ளினால் பயனில்லை.

அங்கே அலெகின் 30ஆவது நகர்த்தலாக எச்4 ஆடினார். எந்த மிரட்டலும் இல்லாத நகர்த்தல். கறுப்பின் காய்கள் அனைத்தும் சரியான கட்டத்தில். அதனால்தான் எதையும் எடுக்க முடியாது. சில சிப்பாய் நகர்த்தல்கள் தீர்ந்ததும் ராஜாவோ ராணியோ அசைந்தாக வேண்டும், அசைந்தால் பி5. நிம்சோவிச் அங்கேயே ரிசைன். இங்கே "பாஸ்" கொடுத்தால் கறுப்பு தாங்கும். நான் இதைத்தான் உண்மையான ஸுக்ஸ்வாங் என்பேன். நடு ஆட்டத்தில் வந்ததுதான், காய்களும் நிறைய இருக்கின்றன.

நடுவாட்டம் எழுதியது:

இந்த ஆட்டத்தை இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பையன்களுக்கே வித்தியாசம் புரியும். ஆனாலும் 1923 ஆட்டத்தை அந்தப் பெயரால்தான் அழைப்பேன், பழகிவிட்டது!

நிரல்_நிலா எழுதியது:

உங்கள் "பாஸ் சோதனை" கணினி நிரல்களுக்குள்ளேயே இருக்கிறது, தெரியுமா? நான் பொழுதுபோக்காக ஒரு செஸ் எஞ்சின் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எல்லாக் கிளைகளையும் ஆழமாகத் தேட நேரம் போதாது. அதனால் எஞ்சின் ஒரு குறுக்குவழி எடுக்கும். "என் முறையை எதிராளிக்கே விட்டுக்கொடுக்கிறேன். அவர் தொடர்ந்து இரண்டு தடவை ஆடினாலும் நான் நல்ல நிலையில் இருக்கிறேன் என்றால், இந்தக் கிளையை மேலே தேட வேண்டாம்" என்று வெட்டிவிடும். இதற்கு நல் மூவ் என்று பெயர். தேடும் வேலை பெருமளவு மிச்சமாகும்.

இதன் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நகர்த்த வாய்ப்புக் கிடைப்பது எப்போதுமே சும்மா இருப்பதைவிட நல்லது. ஸுக்ஸ்வாங்கில் அந்த நம்பிக்கை தலைகீழாகிறது. "பாஸ் போட்டால் டிரா, ஆகவே நல்ல நிலை" என்று எஞ்சின் முடிவுகட்டும், நிஜத்தில் பாஸ் கிடையாது, தோல்வி. முதல் பதிவில் இருக்கும் எஃப்5–டி4 நிலையைக் காப்பில்லாத நல் மூவ் உள்ள எஞ்சினிடம் கொடுத்தால் சறுக்கும். அதனால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் நல் மூவை அணைத்துவிடுவது வழக்கம், ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல எஞ்சினும் அப்படித்தான் செய்கிறது. இன்னும் பத்திரமாக, வெட்டுவதற்கு முன் பாஸ் இல்லாமல் ஒருமுறை சரிபார்க்கும் முறையும் உண்டு.

ஆறாம்வரிசை எழுதியது:

அப்படியானால் நடு ஆட்டத்தில் இது அபூர்வம் என்பதை நம்பித்தான் எஞ்சின்கள் ஓடுகின்றன. நல்ல தகவல், நன்றி. பாஸ் அனுமதிக்கும் ஆட்டங்கள் நிஜத்தில் இருக்கின்றனவா?

நிரல்_நிலா எழுதியது:

இருக்கின்றன. கொரியாவின் ஜாங்கியில் முறையை விட்டுக்கொடுக்கலாம். கோ ஆட்டத்திலும் பாஸ் உண்டு, இருவரும் அடுத்தடுத்து பாஸ் சொன்னால் ஆட்டம் முடிந்தது.

செஸ்ஸில் பாஸ் இருந்தால் ஒரு விஷயத்தை இப்போதே நிரூபித்துவிடலாம்: சரியாக ஆடினால் வெள்ளை தோற்கவே முடியாது. எப்படி என்றால், இரண்டாவதாக ஆடுபவருக்கு உறுதியான வெற்றிவழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளை முதல் நகர்த்தலிலேயே பாஸ் சொல்லிவிட்டால் வெள்ளைதான் இரண்டாவது ஆட்டக்காரர். தொடக்க நிலை இரு பக்கமும் ஒரே மாதிரி. ஆகவே அந்த வெற்றிவழி இப்போது வெள்ளையின் கையில். இருவருக்கும் ஒரே சமயத்தில் வெற்றி இருக்க முடியாது, எனவே அப்படி ஒரு வழியே கிடையாது.

நாம் ஆடும் செஸ்ஸில் பாஸ் இல்லாததால் இந்த நிரூபணம் செல்லாது. 32 காய்களும் நிற்கும் அந்தத் தொடக்க நிலையே வெள்ளைக்கு ஸுக்ஸ்வாங் இல்லை என்று இதுவரை யாரும் கணிதமாக நிரூபிக்கவில்லை. யாரும் அப்படி நம்பவில்லை, அது வேறு விஷயம்.

கோச்_அக்கா எழுதியது:

நிலா, அந்த நிரூபணத்தை வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன்.

ஆறாம்வரிசைத் தம்பி, பெரிய ஆட்டங்களில் பையன்களுக்கு ஒன்றே ஒன்று காட்டலாம் என்றால் நான் ஃபிஷர்–டைமானோவைத்தான் எடுப்பேன். 1971 வான்கூவர், கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி), நான்காவது ஆட்டம். ஃபிஷர் 6–0 என்று வென்ற அந்தத் தொடர். ஃபிஷரிடம் பிஷப், டைமானோவிடம் குதிரை, இரு பக்கமும் சிப்பாய்கள். பிஷப் வலிமையா குதிரை வலிமையா என்று பொதுவாகப் பேசுவார்கள். இங்கே வித்தியாசம் ஒன்றுதான். பிஷப் தன் வேலையைச் செய்துகொண்டே ஒரு நகர்த்தலைக் கழித்துவிட முடியும். குதிரையால் முடியாது, எழுந்தாலே காவல் போகும்.

முடிவுக்கு முன் வரும் நிலையைப் பாருங்கள். ஃபிஷரின் ராஜா ஏ6-இல், பி6 சிப்பாயின் மேல் கண். பிஷப் இ8-இல், ஜி6 சிப்பாயின் மேல் கண். டைமானோவின் ராஜா சி7-இல் நின்று பி6-ஐக் காக்கிறது. குதிரை இ7-இல் நின்று ஜி6-ஐக் காக்கிறது. கறுப்பின் முறை. குதிரை எங்கே போனாலும் ஜி6 விழும். ராஜா டி8 போய் பிஷப்பை மிரட்டியது. ஃபிஷர் பிஷப்பாலேயே ஜி6-ஐ வெட்டினார், குதிரை பிஷப்பை வெட்டியது. ஃபிஷர் ராஜா பி6-ஐத் தின்றது, அடுத்து சி5-ஐயும் தின்றது. அப்புறம் ஏ, பி சிப்பாய்கள் இரண்டும் கைகோத்து ஏற, குதிரையால் நிறுத்த முடியவில்லை. அந்த ஒரு நகர்த்தலை மட்டும் டைமானோவ் ஆடாமல் இருக்க முடிந்திருந்தால் இ8 பிஷப் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இதில் பையன்கள் கவனிக்கவேண்டியது பிஷப் தியாகத்தை அல்ல. அதற்கு முன்னால் ஃபிஷர் பிஷப்பை வெள்ளைக் கட்டங்களில் இங்கும் அங்குமாக நடக்கவிட்டு, கறுப்பு ராஜாவையும் குதிரையையும் தவறான நேரத்தில் சரியான கட்டத்துக்கு வரவைத்த பொறுமையை. அந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

குதிரைவால் எழுதியது:

பிஷப்புக்கு நகர்த்தலைக் கழிக்கத் தெரியும், சரி. ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருந்தால் எப்படிக் கழிப்பது?

மதுரை64 எழுதியது:

முக்கோணம் போட்டு. இதை நீங்களே போட்டுப் பாருங்கள். ஃபார்னி–அலாபின் ஆட்டத்தில் வந்தது. வெள்ளை: ராஜா டி5, சிப்பாய்கள் ஏ5, சி6. கறுப்பு: ராஜா சி8, சிப்பாய் ஏ6. வெள்ளையின் முறை, வெல்ல வேண்டும். எஞ்சினைத் திறக்காதீர்கள்.

குதிரைவால் எழுதியது:

ராஜா டி6 என்றால் கறுப்பு ராஜா டி8 வந்து எதிரில் நிற்கும். சி7 செக், ராஜா சி8, ராஜா சி6, ஸ்டேல்மேட். ஆகாது. ராஜா சி5 என்றால் கறுப்பு சி7. மறுபடி டி5 வந்தால் அவரும் சி8. அதாவது நான் டி5-இல் இருக்கும்போது அவர் சி8-இல் இருக்கவேண்டும், சி5-இல் இருக்கும்போது சி7-இல், டி6-இல் இருக்கும்போது டி8-இல். இதே நிலை கறுப்பின் முறையாக வந்தால் வெள்ளைக்கு வெற்றி. முறையைத் தள்ளிவிடத்தான் வழி தெரியவில்லை.

மதுரை64 எழுதியது:

முக்கால்வாசி முடித்துவிட்டீர்கள். முன்னேறும் கட்டங்களை மட்டும் பார்க்கிறீர்கள். பின்னாலும் ராஜா போகும்.

குதிரைவால் எழுதியது:

கிடைத்துவிட்டது! ராஜா டி4. இப்போது கறுப்பு சி7 வந்தால் நான் சி5, அவர் விலகியாக வேண்டும், பி6 வழியாகப் போய் ஏ6 சிப்பாயை எடுத்துவிடலாம். ஆகவே அவர் டி8-க்கோ பி8-க்கோ போகவேண்டும். நான் சி4. அவர் சி8 திரும்புகிறார். நான் டி5! டி5, டி4, சி4, மறுபடி டி5 என்று மூன்று நகர்த்தலில் நான் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன், அவருக்கு அதற்குள் இரண்டுதான். அதே நிலை, கறுப்பின் முறை. சி7 என்றால் நான் சி5, அதே கதை. டி8 என்றால் நான் டி6, அவர் சி8, சிப்பாய் சி7, ராஜா பி7, நான் டி7, ராணி. பி8 என்றாலும் டி6 போட்டு அதே வழிதான்.

அவருக்கு ஏன் முக்கோணம் போட முடியவில்லை என்று யோசித்தேன். அவர் ராஜாவுக்குப் பின்னால் எட்டாம் வரிசையோடு பலகை முடிந்துவிடுகிறது, சி6 சிப்பாய் பி7-ஐயும் டி7-ஐயும் மறிக்கிறது. எனக்குச் சுற்ற நான்காம் வரிசை முழுவதும் காலியாக இருக்கிறது.

ஆறாம்வரிசை எழுதியது:

அந்தக் கடைசிப் பத்திதான் எனக்கு வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அக்கா சொன்ன யானை மேட்டை முதலில் பாஸோடு ஆடவிடுகிறேன், அப்புறம் பாஸ் இல்லாமல். அதன்பின் இந்த முக்கோணம். ஃபிஷர் ஆட்டத்தைப் பெரிய பையன்களுக்குத் தனியாக ஒரு நாள் வைக்கிறேன். ஒரு பக்கம் ராணி, எதிர்ப்பக்கம் யானை மட்டும் இருக்கும் நிலையில் இதே போல முறையைத் தள்ளும் வழி ஏதாவது இருக்கிறதா?

மதுரை64 எழுதியது:

இருக்கிறது. பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டியது. வெள்ளை: ராஜா சி6, ராணி ஏ5. கறுப்பு: ராஜா பி8, யானை பி7. கறுப்பின் முறை என்றால் யானை ராஜாவைவிட்டு விலகவேண்டும், விலகினால் ராணி செக் மேல் செக் வைத்து அதைப் பிடித்துவிடும். வெள்ளையின் முறை என்றால் ராணி இ5 செக், ராஜா ஏ7, ராணி ஏ1 செக், ராஜா பி8, ராணி ஏ5. முக்கோணத்தை இங்கே ராணி போடுகிறது. முதல் செக்குக்கு ராஜா ஏ8 போனாலும் ராணி ஏ1 செக்தான். அங்கே யானையை ஏ7-இல் குறுக்கே வைத்தால் ராணி எச்8 மேட்.